ஹெதர் மேட்டின் கிரவுஸ்: ஒரு காட்டுப்பறவையும் அதற்காகப் பேணப்படும் நிலமும்

பிரித்தானியத் தீவுகளின் வடக்கிலும் மேற்கிலும் உள்ள மரமற்ற மேட்டுநிலங்களில், தரையிலேயே இரை தேடி, தரையிலேயே கூடமைத்து, ஆபத்து மிக நெருங்கினால் மட்டும் எழுந்து தாழ்வாகவும் விரைவாகவும் பறந்து செல்லும் செம்பழுப்புப் பறவையே சிவப்புக் கிரவுஸ். இது பண்ணையில் பொரித்து வளர்த்து வெளியில் விடப்படும் பறவை அன்று. பிரித்தானியாவில் வேட்டைக்காக ஆண்டுதோறும் பெருந்தொகையில் வளர்க்கப்பட்டு விடுவிக்கப்படும் ஃபெசன்ட் கோழிகளைப் போல இதனைக் கூண்டில் பெருக்கும் வழக்கம் நிலைபெறவில்லை. ஆயினும் இன்று பல மேடுகளில் இப்பறவை காணப்படும் அளவு எண்ணிக்கை இயற்கை தானாகத் தந்ததும் அன்று. நிலத்தை எரித்தும், ஊனுண்ணிகளைக் குறைத்தும், நோய்க்கு மருந்திட்டும் மனிதர் உருவாக்கிய எண்ணிக்கை அது. பறவை காட்டுயிர், அதன் மிகுதியோ மனித உழைப்பின் விளைவு என்னும் இந்த இரட்டைநிலையை விளங்கிக்கொண்டால், ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகளாகப் பிரித்தானிய நிலவுடைமை, வேட்டை, அறிவியல், சட்டம் ஆகிய நான்கும் இச்சிறு பறவையைச் சுற்றியே ஏன் மோதிக்கொள்கின்றன என்பதும் விளங்கும்.

மூர் என்னும் நிலம்

கிரவுஸ் வாழும் நிலத்தை ஆங்கிலேயரும் ஸ்காட்லாந்தியரும் 'மூர்' என்பர். குளிர்ந்த, மழை மிகுந்த, அமிலத்தன்மை கொண்ட வளங்குன்றிய மண்ணையுடைய திறந்த மேட்டுநிலமே மூர் ஆகும். இங்கிலாந்தின் பென்னைன் மலைத்தொடர், வட யார்க்‌ஷயர் மூர்கள், ஸ்காட்லாந்தின் தென்பகுதி மேடுகள், கிழக்கு ஹைலேண்ட்ஸ், வேல்ஸின் சில குன்றுப்பகுதிகள் ஆகியவை இவ்வகை நிலங்களுக்கு எடுத்துக்காட்டுகள். இவற்றில் பெரும்பகுதி முற்காலத்தில் காடாகவோ சிறு மரங்கள் விரவிய வெளியாகவோ இருந்து, கற்கால உழவர் தொடங்கிப் பல தலைமுறையினர் மரங்களை அழித்ததாலும், ஆடுமாடுகள் இளங்கன்றுகளைத் தின்றதாலும், தட்பவெப்பம் ஈரமாக மாறியதாலும் மரங்களை இழந்தன.

அவ்வெளிகளை மூடி நிற்கும் முதன்மைத் தாவரம் ஹெதர். கலூனா வல்காரிஸ் என்னும் அறிவியற்பெயர் கொண்ட இது முழங்காலளவு வளரும் என்றும் பசுமையான குறுஞ்செடி. கோடையின் இறுதியில் ஊதாநிறப் பூக்களால் குன்றுகள் முழுவதையும் போர்த்துவது இதுவே. ஹெதருக்குக் கீழே பல இடங்களில் பீட் எனப்படும் கரிய மண் படிந்திருக்கும். நீர் தேங்கிய நிலத்தில், காற்றுப் புகாமையால் முற்றிலும் மட்காமல் நின்றுபோன பாசிகளும் செடிகளும் பல்லாயிரம் ஆண்டுகளாக அடுக்கடுக்காகச் சேர்ந்து உருவான மண் இது. செடிகள் காற்றிலிருந்து உறிஞ்சிய கரி இம்மண்ணில் சிறைப்பட்டுக் கிடப்பதால், பீட் நிலத்தைக் காப்பது புவி வெப்பமாதலைப் பற்றிய இன்றைய கவலைகளில் முதன்மையான ஒன்றாகிவிட்டது.

பறவையின் உருவும் உறவும்

சிவப்புக் கிரவுஸ் ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் நீளமும் 600 கிராமுக்குச் சற்று முன்பின்னான எடையும் கொண்ட உருண்ட உடலுடைய பறவை. சேவலின் உடல் ஆழ்ந்த செம்பழுப்பாகவும், பெட்டையின் உடல் மஞ்சள் கலந்த கோடுகளுடன் சற்று வெளிறியும் இருக்கும்; சேவலின் கண்ணுக்கு மேலே சிவந்த தசைப்பட்டை ஒன்று உண்டு, இணைசேரும் காலத்தில் அது புடைத்து நிற்கும். கால்விரல்கள் வரை வெண்ணிற இறகு மூடியிருப்பது குளிரைத் தாங்கவும் பனிமேல் நடக்கவும் உதவுகிறது. நிலையிழந்து எழும்போது இது எழுப்பும் கரகரத்த, வேகமான குரல், 'கோ-பேக், கோ-பேக்' என்று ஒலிப்பதாக அப்பகுதி மக்கள் சொல்வர்.

வகைப்பாட்டியலில் இது கவுதாரி, காடை, காட்டுக்கோழி, மயில் ஆகியவை அடங்கிய ஃபேசியானிடே என்னும் பெருங்குடும்பத்தைச் சேர்ந்தது. அக்குடும்பத்துக்குள் வடகோளத்தின் குளிர்நிலங்களில் வாழும் கிரவுஸ்கள் ஒரு தனிக் கிளை. தமிழ்நாட்டின் வறண்ட வெளிகளில் காணப்படும் கல்கவுதாரியின் ஆங்கிலப் பெயரிலும் கிரவுஸ் என்ற சொல் இடம்பெறுகிறது எனினும், அது வேறொரு வரிசையைச் சேர்ந்தது, இப்பறவைக்கு நெருங்கிய உறவு அன்று. பிரித்தானியாவில் சிவப்புக் கிரவுஸைத் தவிர, ஊசியிலைக் காட்டில் வாழும் பேருருவமான கேப்பர்கெய்லி, காட்டுக்கும் மூருக்கும் இடைப்பட்ட விளிம்பில் வாழும் கருங்கிரவுஸ், உயர்ந்த சிகரங்களில் வாழும் டார்மிகன் ஆகிய மூன்று உறவினங்களும் உள்ளன.

வட ஐரோப்பா, சைபீரியா, வட அமெரிக்கா ஆகியவற்றின் குளிர்நிலங்களெங்கும் பரவியுள்ள வில்லோ டார்மிகன் இதன் மிக நெருங்கிய உறவு. அப்பறவை குளிர்காலத்தில் பனியோடு ஒன்றும்படி வெண்ணிறமாக மாறும். பனி நீண்டநாள் நிலைக்காத பிரித்தானியாவில் வாழும் சிவப்புக் கிரவுஸோ ஆண்டு முழுவதும் பழுப்பாகவே இருக்கும். இவ்வேறுபாட்டை நோக்கிய பறவையியலாளர் ஒருகாலத்தில் இதனை உலகில் வேறெங்கும் இல்லாத பிரித்தானியத் தனியினமாகக் கொண்டனர். 20-ஆம் நூற்றாண்டில் இது வில்லோ டார்மிகனின் துணையினமாக வைக்கப்பட்டது. அண்மைக்காலத்தில் சில வகைப்பாட்டாளர் இதனை மீண்டும் தனியினமாக ஏற்கத் தொடங்கியுள்ளனர்.

ஒரே செடியை நம்பிய வாழ்வு

கிரவுஸின் உணவு வியப்பூட்டும் அளவுக்குக் குறுகியது. முதிர்ந்த பறவை ஆண்டின் பெரும்பகுதியில் ஹெதரின் இளந்தளிர், தண்டுநுனி, பூ, விதை ஆகியவற்றையே உண்கிறது. பில்பெரி என்னும் குறுஞ்செடியின் தண்டும் கனியும், பருத்திப்புல்லின் பூவும் இடையிடையே சேரும். ஹெதர் நார் மிகுந்ததும் சத்துக் குறைந்ததும் ஆதலால், அதனைச் செரிப்பதற்குப் பறவையின் உடல் தனியாக அமைந்துள்ளது. அது விழுங்கும் பருக்கைக்கற்கள் அரைவைப்பையில் தங்கித் தண்டுகளை மாவாக அரைக்கின்றன. அடுத்து, சிறுகுடலும் பெருங்குடலும் கூடுமிடத்திலிருந்து கிளைக்கும் மிக நீண்ட இரு குருட்டுக்குடல்களில் நுண்ணுயிரிகள் நாரை நொதிக்கவைத்துச் சத்தைப் பிரிக்கின்றன. இந்தக் குருட்டுக்குடல்களே பின்னர்ப் பறவையின் பெருநோய்க்கும் இருப்பிடமாகின்றன.

குஞ்சுகளின் தேவை வேறு. முதல் சில வாரங்களில் வளர்ச்சிக்குப் புரதம் வேண்டியிருப்பதால் அவை பூச்சிகளைத் தேடி உண்கின்றன. ஈரமான பீட் பள்ளங்களில் இளவேனிலின் இறுதியில் திரளாக வெளிவரும் நீண்ட கால்களையுடைய கிரேன் ஈக்கள் அவற்றுள் முதன்மையானவை. எனவே ஒரு கிரவுஸ் குடும்பத்துக்கு இளந்தளிர் உள்ள இடம், ஒளிந்துகொள்ள உயர்ந்த முதிய ஹெதர், பூச்சிகள் தோன்றும் ஈரநிலம் ஆகிய மூன்றும் அருகருகே இருந்தாக வேண்டும். மூர் நிலத்தைப் பேணும் முறைகள் அனைத்தும் இத்தேவையிலிருந்தே பிறந்தவை.

இலையுதிர்காலத்தில் சேவல்கள் தத்தமக்கு எல்லை வகுத்துக்கொண்டு, குரலாலும் தாழ்ந்தெழும் பறத்தலாலும் அதனைக் காக்கத் தொடங்குகின்றன. எல்லை பிடிக்க முடியாத பறவைகள் மூரின் ஓரங்களுக்குத் தள்ளப்பட்டு, குளிர்காலத்தில் பசியாலும் ஊனுண்ணிகளாலும் பெரும்பாலும் மடிகின்றன. ஆகவே அடுத்த வசந்தத்தில் எத்தனை இணைகள் கூடமைக்கும் என்பது இலையுதிர்காலத்திலேயே ஏறத்தாழ முடிவாகிவிடுகிறது. ஏப்ரல், மே மாதங்களில் பெட்டை ஹெதரின் அடியில் ஆழமில்லாத குழியில் பெரும்பாலும் 6 முதல் 9 வரையிலான முட்டைகளை இட்டு, மூன்று வாரங்களுக்கு மேல் தனியாகவே அடைகாக்கும். பொரித்த சில மணிநேரத்திலேயே குஞ்சுகள் கூட்டை விட்டு நடக்கும். இரண்டு வாரத்துக்குள் சிறிது பறக்கவும் கற்றுவிடும். கிரவுஸ் குடும்பத்தின் பல இனங்களில் சேவல் இணைசேர்ந்ததும் விலகிவிடும் நிலையில், இவ்வினத்தில் சேவலும் உடனிருந்து குஞ்சுகளைக் காப்பது குறிப்பிடத்தக்கது.

ஏறி இறங்கும் எண்ணிக்கை

பல மூர்களில் கிரவுஸ்களின் எண்ணிக்கை சில ஆண்டுகள் பெருகி, பின் திடீரெனச் சரிந்து, மறுபடியும் பெருகும். இடத்துக்கேற்ப நான்கு முதல் எட்டு ஆண்டுகள் வரை நீளும் இந்தச் சுழற்சி நிலவுடைமையாளரை 19-ஆம் நூற்றாண்டிலேயே கலங்கவைத்தது. முந்தைய ஆண்டு பறவைகள் நிறைந்திருந்த மேட்டில் மறு ஆண்டு மெலிந்த உடல்களே கிடந்தன. 1873-இல் தாமஸ் ஸ்பென்சர் காபோல்ட் என்னும் ஒட்டுண்ணியியலாளர், இறந்த பறவைகளின் குருட்டுக்குடலில் மயிரிழை போன்ற நுண்புழுக்கள் திரளாக இருப்பதை விவரித்தார். இன்று டிரைக்கோஸ்ட்ராங்கைலஸ் டெனுவிஸ் எனப்படும் புழு இதுவே.

1905-இல் லோவட் பிரபுவின் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு இந்நோயை முறையாக ஆராய்ந்தது. அதன் கள ஆய்வுப் பொறுப்பை ஏற்றவர் மருத்துவரும் ஓவியருமான எட்வர்ட் வில்சன். அவர் ஏறத்தாழ 2,000 கிரவுஸ்களை அறுத்து ஆராய்ந்தார். குழுவின் விரிவான அறிக்கை 1911-இல் வெளிவந்தபோது, வில்சன் ஸ்காட்டின் தென்துருவப் பயணக் குழுவுடன் அன்டார்டிகாவில் இருந்தார். 1912-இல் அங்கேயே ஸ்காட்டுடன் உயிர்நீத்தார். ஒரு பறவையின் நோயை அறிய இவ்வளவு பெருமுயற்சி எடுக்கப்பட்டதற்கு, அப்பறவையை நம்பி நின்ற வேட்டையின் பொருளாதார மதிப்பே காரணம் எனலாம்.

புழுவின் வாழ்க்கைச் சுழற்சி எளியது. எச்சத்தோடு வெளிவரும் முட்டைகளிலிருந்து தோன்றும் இளம்புழுக்கள் ஈரமான காலநிலையில் ஹெதர்த் தண்டின் நுனிவரை ஏறி நிற்கின்றன. அந்நுனியைத் தின்னும் பறவையின் உடலுக்குள் சென்று குருட்டுக்குடலின் உட்சுவரைத் துளைத்து வாழ்கின்றன. ஒரே பறவையின் உடலில் பல்லாயிரம் புழுக்கள் இருப்பதுண்டு. அவ்வளவு சுமை கொண்ட பெட்டை நலிவடைந்து குறைவான குஞ்சுகளையே வளர்த்தெடுக்கிறது. அதன் உடலிலிருந்து வரும் மணம் மிகுதியாவதால் நரி போன்ற மோப்ப விலங்குகளுக்கும் எளிதில் இரையாகிறது. பறவைகள் நெருங்கி வாழும்போது தொற்றும் பெருகுவதால், மிகுதியே வீழ்ச்சிக்கு வித்தாகிறது.

இக்கருத்தைக் களத்தில் சோதித்துக் காட்டியவர்கள் பீட்டர் ஹட்சன், ஆண்ட்ரூ டாப்சன், டேவிட் நியூபோர்ன் ஆகியோர். வட இங்கிலாந்தின் மூர்களில் வீழ்ச்சி எதிர்பார்க்கப்பட்ட 1989, 1993 ஆகிய ஆண்டுகளில் அவர்கள் பறவைகளைப் பிடித்துப் புழுநீக்க மருந்து புகட்டினர். மருந்து பெற்ற இடங்களில் வீழ்ச்சி பெரிதும் மட்டுப்பட, மருந்து பெறாத இடங்களில் வழக்கம்போல் சரிவு ஏற்பட்டது. 1998-இல் சயன்ஸ் இதழில் வெளியான இம்முடிவு, ஒட்டுண்ணி ஒன்று காட்டுயிரின் எண்ணிக்கையை ஆட்டிவைக்க முடியும் என்பதற்கான முதன்மைச் சான்றுகளுள் ஒன்றாகச் சூழலியல் பாடநூல்களில் இடம்பெற்றுள்ளது.

எனினும் விளக்கம் அதோடு முடியவில்லை. ஸ்காட்லாந்தில் ஆடம் வாட்சனும் அவரைச் சார்ந்தோரும் நீண்டகாலமாக முன்வைத்த கருத்தின்படி, சுழற்சியை இயக்குவது சேவல்களின் எல்லைப்பூசல். பறவைகள் பெருகப் பெருக முதிய சேவல்கள் மூர்க்கமாகி, இளையவற்றை எல்லை பிடிக்கவிடாமல் துரத்துவதால் எண்ணிக்கை சரிகிறது என்பது அதன் சாரம். 2003-இல் நேச்சர் இதழில் வெளியான ஓர் ஆய்வில், முதிய சேவல்களுக்கு இலையுதிர்காலத்தில் டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண்மை இயக்குநீர் ஏற்றப்பட்டபோது இளம்பறவைகள் நிலைகொள்வது குறைந்து எண்ணிக்கையும் தாழ்ந்தது. புழுவும் பூசலும் ஒன்றையொன்று விலக்கும் காரணங்கள் அல்ல, இடத்துக்கேற்ப இரண்டும் கூடியோ குறைந்தோ செயல்படுகின்றன என்பதே இன்று பலரும் ஏற்கும் நிலை.

நிலவுடைமையாளருக்கு இவ்விவாதத்தைவிட அதன் பயன்பாடு முதன்மையானது. கிரவுஸ் தானே தேடி விழுங்கும் பருக்கைக்கல்லில் ஃபுளுபெண்டசோல் என்னும் புழுநீக்க மருந்தைப் பூசி, மூரெங்கும் சிறு பெட்டிகளில் வைக்கும் வழக்கம் இன்று பரவலாகியுள்ளது. இதனால் பல மூர்களில் பழைய வீழ்ச்சிகள் அரிதாகிப் பறவைகளின் நெருக்கம் முன்னில்லாத அளவு உயர்ந்துள்ளது. ஆயினும் நெருக்கம் வேறு தொற்றுகளுக்கு வழிதிறக்கலாம் என்னும் அச்சத்துக்கு, 2010-இல் முதன்முதலாகக் கிரவுஸ்களில் கண்டறியப்பட்ட கிரிப்டோஸ்போரிடியோசிஸ் என்னும் நோய் சான்றாகக் காட்டப்படுகிறது. ஆடுகளிலிருந்து உண்ணிகள் வழியே பரவும் லூப்பிங்-இல் என்னும் தீநுண்மி நோயும் குஞ்சுகளைப் பெருமளவில் கொல்லவல்லது. மலைமுயல்களும் உண்ணிகளைச் சுமப்பதால் அவற்றைப் பெருந்தொகையாகக் கொல்லும் வழக்கம் ஸ்காட்லாந்தில் வளர்ந்து, பெரும் எதிர்ப்புக்குப் பின் அம்முயல்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வந்தது.

துப்பாக்கியும் இருப்புப்பாதையும்

இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் கிரவுஸ் வேட்டைக்குரிய காலம் ஆகஸ்டு 12 முதல் டிசம்பர் 10 வரை எனச் சட்டம் வரையறுக்கிறது. இங்கிலாந்தில் 1831-ஆம் ஆண்டின் வேட்டைச் சட்டம் உறுதிசெய்த இந்த எல்லை இன்றளவும் மாறவில்லை. தொடக்கநாளான 'புகழ்பெற்ற பன்னிரண்டாம் நாள்' மேல்தட்டுச் சமூகத்தின் ஆண்டு நாட்காட்டியில் ஒரு விழாவாகவே இடம்பெற்றது.

19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதிவரை வேட்டைக்காரர்கள் நாய்களோடு மூரில் நடந்து, நாய் மோப்பம் பிடித்து நிற்கும் இடத்தில் எழும் பறவையைச் சுட்டனர். ஒரு நாளில் கிடைப்பது சில இணைகளே. நூற்றாண்டின் இடைப்பகுதியில் மூன்று மாற்றங்கள் ஒருங்கே நிகழ்ந்தன. குழலின் பின்புறம் தோட்டா இடும் துப்பாக்கி பரவியதால் விரைந்து சுட முடிந்தது. இருப்புப்பாதை ஹைலேண்ட்ஸ் வரை சென்றதால் லண்டன் செல்வர் ஓரிரவில் மூரை அடைய முடிந்தது. 1848-இல் விக்டோரியா அரசி பால்மோரல் மாளிகையைக் குத்தகைக்கு எடுத்துப் பின்னர் அது அரச குடும்பத்தின் உடைமையானதால், ஸ்காட்லாந்து மேடுகளில் இலையுதிர்காலத்தைக் கழிப்பது மேட்டுக்குடி வழக்கமாயிற்று.

இவற்றின் விளைவாக வளர்ந்ததே விரட்டு வேட்டை. இம்முறையில் வேட்டைக்காரர் நடப்பதில்லை. கல்லாலும் புல்கரணையாலும் கட்டிய, வரிசையாக அமைந்த மறைவிடங்களில் அவர்கள் நிற்க, கூலியாட்கள் நீண்ட வரிசையில் கொடிகளை வீசிக்கொண்டு மூரின் மறுமுனையிலிருந்து பறவைகளை அவர்கள் தலைக்கு மேலாக விரட்டிவருவர். காற்றோடு சேர்ந்து தாழ்வாகப் பாய்ந்துவரும் கிரவுஸைச் சுடுவது கடினமாதலால் அது திறமையின் உச்சமாகக் கருதப்பட்டது. வால்சிங்கம் பிரபு 1888 ஆகஸ்டு 30 அன்று யார்க்‌ஷயரின் பிளபர்ஹவுசஸ் மூரில் தனியொருவராக ஒரே நாளில் 1,070 பறவைகளைச் சுட்டார். 1915 ஆகஸ்டு 12 அன்று லங்காஷயரின் லிட்டில்டேல், அபிஸ்டெட் மூர்களில் எட்டுப் பேர் சேர்ந்து 2,929 பறவைகளை வீழ்த்தினர்.

இப்பறவையின் வேகம் எதிர்பாராத ஒரு நூலுக்கும் காரணமாயிற்று. 1951-இல் அயர்லாந்தின் வெக்ஸ்ஃபோர்டு மாவட்டத்தில் வேட்டையாடிய கின்னஸ் மதுவடிப்பு நிறுவனத்தின் மேலாண் இயக்குநர் சர் ஹியூ பீவர், ஐரோப்பாவின் மிக விரைவான வேட்டைப்பறவை பொன்னிற உப்புக்கொத்தியா, கிரவுஸா என்னும் வாதத்துக்கு எந்நூலிலும் விடை காணாமல், அத்தகைய வாதங்களைத் தீர்க்கும் நூல் ஒன்று வேண்டும் என எண்ணினார். 1955-இல் வெளிவந்த கின்னஸ் உலகச் சாதனை நூல் அதன் பயன்.

நெருப்பும் காவலரும்

விரட்டு வேட்டைக்குப் பறவைகள் மிகுதியாக இருந்தாலன்றி ஆளும் பொருளும் செலவிட்டு விரட்டுவதில் பயனில்லை. வேட்டைக்கு வருவோரிடம் பெறும் கட்டணமும், மூரின் விலையும் எத்தனை இணைப் பறவைகள் வீழும் என்னும் கணக்கை ஒட்டியே அமைகின்றன. எனவே ஒவ்வொரு மூரிலும் 'கேம்கீப்பர்' எனப்படும் வேட்டைக் காவலர் ஆண்டு முழுவதும் பணிபுரிகிறார்.

அவரது முதற்பணி தீயிடுதல். இலையுதிர்காலத்துக்கும் வசந்தத்தின் தொடக்கத்துக்கும் இடையே, உலர்ந்த நாட்களில் முதிய ஹெதரைச் சிறு சிறு பட்டைகளாகப் பிரித்து எரிக்கின்றனர். வேர் கருகாமல் மேற்பகுதி மட்டும் எரிந்தால் அடுத்த ஆண்டுகளில் இளந்தளிர் துளிர்க்கும். பத்து முதல் இருபது ஆண்டுகளுக்கொருமுறை இடம் மாற்றி எரிப்பதால், இளமை, நடுவயது, முதுமை எனப் பல நிலைகளில் உள்ள ஹெதர்த் துண்டுகள் ஒன்றையொன்று அடுத்து அமைந்து, மேலிருந்து நோக்கினால் மூர் முழுவதும் கட்டங்கட்டமாகத் தெரிகிறது. அவரது இரண்டாம் பணி நரி, காகம், ஸ்டோட் முதலான ஊனுண்ணிகளைப் பொறிவைத்தும் சுட்டும் குறைப்பது.

இப்பணியால் பயன்பெறுவது கிரவுஸ் மட்டும் அன்று. நார்தம்பர்லாந்தின் ஆட்டர்பர்ன் பகுதியில் 2000 முதல் 2008 வரை நடந்த கள ஆய்வில், ஊனுண்ணிகள் குறைக்கப்பட்ட இடங்களில் கர்லூ எனப்படும் கோட்டான், பொன்னிற உப்புக்கொத்தி, ஆட்காட்டி ஆகிய தரையில் கூடமைக்கும் பறவைகள் குஞ்சுகளை வளர்த்தெடுக்கும் வெற்றி ஏறத்தாழ மும்மடங்கானது தெரியவந்தது. ஐரோப்பாவெங்கும் அருகிவரும் கோட்டானுக்குப் பேணப்பட்ட மூர் ஒரு புகலிடம் என வேட்டை ஆதரவாளர் வாதிப்பதற்கு இதுவே வலுவான அடிப்படை. மேலும், வேட்டை வருவாய் இல்லாதிருந்தால் இந்நிலங்களில் பல, 20-ஆம் நூற்றாண்டில் நிகழ்ந்ததுபோல், ஊசியிலை மரத்தோட்டமாகவோ ஆடுகள் மேய்ந்து ஹெதரை அழித்த புல்வெளியாகவோ மாறியிருக்கும் என்றும் அவர்கள் கூறுவர்.

பூனைப்பருந்தின் வழக்கு

இவ்வாதங்களுக்கு எதிர்ப்பக்கம் நிற்பது ஹென் ஹாரியர் என்னும் பூனைப்பருந்து. மூரிலேயே தரையில் கூடமைக்கும் இப்பருந்து, கிரவுஸ் குஞ்சுகளையும் பிடித்துண்பதால் காவலரின் பகைக்கு ஆளாயிற்று. 1954-ஆம் ஆண்டின் சட்டமும் 1981-ஆம் ஆண்டின் சட்டமும் அதனைக் கொல்வதைக் குற்றமாக்கியும் கொலைகள் நின்றபாடில்லை. 2013-இல் இங்கிலாந்து முழுவதிலும் ஓர் இணைகூட வெற்றிகரமாகக் குஞ்சு வளர்க்கவில்லை. செயற்கைக்கோள் வழியே இடம் காட்டும் கருவி பொருத்தப்பட்ட 58 பருந்துகளின் வரலாற்றை ஆராய்ந்து 2019-இல் வெளியான ஆய்வு, அவற்றுள் 72 விழுக்காடு சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டவை எனவோ கொல்லப்பட்டிருக்க மிகுந்த வாய்ப்புள்ளவை எனவோ மதிப்பிட்டதுடன், அவ்விழப்புகள் கிரவுஸ் மூர்களோடு தொடர்புடையவை என்றும் காட்டியது.

பருந்தால் கிரவுஸ் வேட்டைக்கு உண்மையில் எவ்வளவு தீங்கு என்னும் வினாவுக்கு விடைதேடியது, தென் ஸ்காட்லாந்தின் லாங்கம் மூரில் 1992 முதல் 1997 வரை நடந்த ஆய்வு. பருந்துகள் முழுமையாகப் பாதுகாக்கப்பட்டபோது, கூடமைத்த பெட்டைகளின் எண்ணிக்கை இரண்டிலிருந்து இருபதாக உயர்ந்தது. அவையும் பிற கொன்றுண்ணிப் பறவைகளும் சேர்ந்து இலையுதிர்காலக் கிரவுஸ் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்தன. விரட்டு வேட்டை அங்கே நின்றுபோயிற்று. பருந்துகளை அம்மூருக்கு ஈர்த்தவை கிரவுஸ்கள் அல்ல, புல்வெளிகளில் மிகுந்திருந்த நெட்டைக்காலிகளும் வோல் எலிகளும்தான் என்பது அவ்வாய்வின் கூரிய கண்டுபிடிப்பு. அதாவது மேய்ச்சலால் ஹெதர் புல்லாக மாறிய மூரில்தான் பருந்தின் தாக்கம் கடுமையாயிற்று. இதைவிட நுட்பமானது அதன் தொடர்ச்சி: வேட்டை நின்று காவலர் விலக்கப்பட்டபின் நரிகள் பெருகி, தரைக்கூடுகளை அழித்ததால் பருந்துகளும் சில ஆண்டுகளில் மிகக் குறைந்தன. காவலரின் பகையாகக் கருதப்பட்ட பறவையே காவலரின் பணியால் ஓரளவு பயன்பெற்றிருந்தது.

இரு தரப்பையும் இணைக்க 2008-இல் அதே மூரில் புதிய திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. காவலர் திரும்பினர், பருந்துக் கூடுகளுக்கு அருகே கோழிக்குஞ்சும் எலியும் மாற்றுணவாக வைக்கப்பட்டன, பருந்துகள் மீண்டன, பிடிபடும் கிரவுஸ் குஞ்சுகள் வெகுவாகக் குறைந்தன. ஆயினும் விரட்டு வேட்டைக்குத் தேவையான நெருக்கத்தைக் கிரவுஸ் எட்டவில்லை. இறுதியில் 2021-இல் அந்நிலத்தின் ஒரு பகுதியையும் அடுத்த ஆண்டு மற்றொரு பகுதியையும் லாங்கம் ஊர்மக்கள் பொதுநிதி திரட்டி விலைக்கு வாங்கி, இயற்கைக் காப்பகமாக மாற்றினர்.

சட்டம் நெருங்குகிறது

பருந்தைப் பற்றிய வழக்கு காட்டுயிர் ஆர்வலருக்குரியது என்றால், நெருப்பைப் பற்றிய வழக்கு எல்லோருக்கும் உரியதாகிவிட்டது. ஆழமான பீட் மேல் தீயிடுவது ஈரத்தைக் காக்கும் பாசிகளை நலிவித்து, மண்ணை உலரச்செய்து, கரியை வெளியேற்றி, ஆற்றுநீரையும் பழுப்பாக்கும் என்பது ஒரு தரப்பு. முறையாக எரிக்காவிட்டால் முதிய ஹெதர் திரண்டு கோடையில் பெருந்தீயாக மூண்டு பீட்டையே எரித்துவிடும் என்பது மறுதரப்பு. இங்கிலாந்தில் 2021-ஆம் ஆண்டு விதிகள், பாதுகாக்கப்பட்ட இடங்களில் 40 சென்டிமீட்டருக்கு மேல் ஆழமுள்ள பீட் மீது உரிமமின்றித் தீயிடுவதைத் தடைசெய்தன. 2025-இல் அந்த ஆழவரம்பு 30 சென்டிமீட்டராகக் குறைக்கப்பட்டது.

ஸ்காட்லாந்து இன்னும் ஒருபடி முன்சென்றது. பேராசிரியர் ஆலன் வெரிட்டி தலைமையிலான குழுவின் 2019-ஆம் ஆண்டு அறிக்கையைத் தொடர்ந்து, 2024-இல் இயற்றப்பட்ட காட்டுயிர் மேலாண்மை மற்றும் மூரெரிப்புச் சட்டம், கிரவுஸ் வேட்டை நடத்தும் நிலத்துக்கு உரிமம் பெறுவதைக் கட்டாயமாக்கியது. பருந்தைக் கொன்றவர் இன்னாரென நீதிமன்றத்தில் ஐயத்துக்கிடமின்றி மெய்ப்பிப்பது, ஆளரவமற்ற பரந்த மூரில் எளிதன்று. ஆகவே தனிமனிதரின் தண்டனையை மட்டும் நம்பாமல், நிலத்தின் வேட்டை உரிமத்தையே நிறுத்திவைக்கவோ நீக்கவோ வழிசெய்திருப்பதே இச்சட்டத்தின் உட்கூறு. ஏற்கெனவே ஆண்டுகளாக முதலீடு செய்யப்பட்ட மூரின் மதிப்பு அவ்வுரிமத்தையே சார்ந்திருப்பதால், உடைமையாளர் தம் பணியாளர்களைக் கட்டுக்குள் வைப்பார் என்பது அதன் எதிர்பார்ப்பு.

இவ்விவாதங்களில் 'வேட்டை நின்றால் கிரவுஸ் அழியும்' என்னும் கூற்று அடிக்கடி எழுகிறது. அறிவியல் அதனை அவ்வாறே ஏற்கவில்லை. நார்வே, சுவீடன் நாடுகளில் கிரவுஸின் உறவான வில்லோ டார்மிகன், கட்டங்கட்டமாக எரிக்கப்பட்ட ஹெதரும் மருந்திட்ட பருக்கைக்கல்லும் இன்றி, நரிக்கும் கழுகுக்கும் இடையே குறைந்த எண்ணிக்கையில் பரவலாக வாழ்கிறது. அங்கே வேட்டைக்காரர் நாயோடு நடந்து சில பறவைகளோடு திரும்புகின்றனர். பிரித்தானியாவிலும் விரட்டு வேட்டை ஓய்ந்தால் பல மூர்களில் கிரவுஸ் எஞ்சும், ஆனால் இன்றைய நெருக்கத்தில் எஞ்சாது; அதனோடு ஒண்டிவாழும் கோட்டானும் ஆட்காட்டியும் பல இடங்களில் குறையக்கூடும், மரங்களும் பருந்துகளும் ஈரப்பாசிகளும் கூடக்கூடும். ஆகவே இங்கே தீர்மானிக்கப்பட வேண்டியது பறவை வாழுமா அழியுமா என்பது அன்று; எத்தனை பறவைகள், யாருக்காக, எந்தச் செலவில் என்பதே. அதற்கு விடையளிக்கும் பொறுப்பு இதுகாறும் நிலவுடைமையாளரிடம் மட்டுமே இருந்தது. உரிமச் சட்டமும் லாங்கம் ஊர்மக்களின் கொள்முதலும் அப்பொறுப்பின் ஒரு பகுதி பொதுமக்களிடம் கைமாறத் தொடங்கியதையே காட்டுகின்றன.